உப்புக்காற்றில் ஒலி மாட்யூல்: வாங்குமுன் கேட்க வேண்டியவை

மரக்காணம் உப்பளங்களை ஒட்டிய வீடுகளில் ஜன்னல் கம்பியைத் தடவினால் விரல் பிசுபிசுக்கும். அதே காற்றுதான் வீட்டு ஸ்டுடியோவுக்குள்ளும் வருகிறது. ஆடி மாதக் கூழ்வார்த்தல், கல்யாண மேடை, மாதா கோயில் பாடற்குழு என்று கீபோர்டு வாசித்துப் பிழைக்கிறவர்கள், வீட்டில் ஒரு அறையை ஒதுக்கிப் பாட்டுப் பதிவு செய்யத் தொடங்கியதும் அடுத்து மனம் போவது ரேக்கில் பொருத்தும் ஒலி மாட்யூலின் மேல். எந்த மாடல் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பணம் போவது பெரும்பாலும் மாடலால் அல்ல. பெட்டி எங்கிருந்து வந்தது, விற்பவர் யார், கையில் என்ன ரசீது தருகிறார் என்று கேட்காமல் விடுவதால்தான்.

மாட்யூல் என்பது கட்டைகள் இல்லாத கீபோர்டு. 19 அங்குல அகல ரேக்கில் உட்காரும். ஒரு 'யூ' உயரம் என்றால் 44.45 மில்லிமீட்டர். 1983இல் வந்த மிடி முறைப்படி, அந்த ஐந்து முள் கேபிளில் ஒலி போகாது. எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம் என்ற கட்டளை மட்டுமே போகும். ஒலி பின்பக்க ஜாக்கில்தான் வரும். அதனால் கணினியில் பதிவு செய்ய மிடி இணைப்பும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வேண்டும். விலை பேசும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

வெளிப்படையாகச் சொன்னால், பலருக்கு மாட்யூலே தேவையில்லை. ஏ.ஆர். ரகுமான் 1989இல் கோடம்பாக்கத்து வீட்டோடு பஞ்சதன் ஸ்டுடியோவைக் கட்டிய காலத்தில் விதவிதமான ஒலிகளுக்குக் கருவி வாங்குவதைத் தவிர வழி குறைவு. இன்று அந்த வேலையை லேப்டாப் மென்பொருளே செய்துவிடும். மேடையில் நடுவில் உறைந்து நிற்காத கருவி வேண்டும், அந்தப் பழைய ஒலிதான் வேண்டும் என்பவர்களுக்கு மாட்யூல் சரி. அப்போதும் விளம்பர எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். 1994இல் வந்த ரோலண்ட் ஜேவி-1080இல் ஒரே நேரத்தில் 64 குரல்கள் ஒலிக்கும். ஆனால் நான்கு அடுக்காகச் சேர்த்த ஒலியில் ஒரு கட்டைக்கே நான்கு குரல் போய்விடும். மிஞ்சுவது 16 ஸ்வரம். இந்த வகைப் பெட்டிகளில் கூடுதல் ஒலிப் பலகைகளைச் செருக இடம் உண்டு. ஆசிய ஒலிப் பலகை உள்ளே இருக்கிறது என்று சொல்லி விலையை ஏற்றுவார்கள். பெட்டியை ஓடவிட்டு, அந்தப் பலகையின் ஒலிகள் திரையில் வருகின்றனவா என்று நீங்களே புரட்டிப் பாருங்கள்.

சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் கை மாறியவை. ஜப்பானிலிருந்து வந்த பெட்டி என்றால் பின்தகட்டில் 100 வோல்ட் என்றிருக்கும். நம் சுவரில் வருவது 230. நேராகச் செருகினால் ஃபியூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம், டிரான்ஸ்ஃபார்மரும் எரியலாம். இறக்கு மின்மாற்றி வைத்துத்தான் ஓட்ட வேண்டும், அந்தச் செலவும் உங்களுடையது. அடாப்டரில் ஓடும் சிறிய மாட்யூல்களில் வோல்ட் சரியாக இருந்தும் முனையின் ப்ளஸ் மைனஸ் மாறியிருக்கலாம். பெட்டியில் அச்சிட்ட குறியைப் பார்க்காமல் வேறு அடாப்டரைச் செருகாதீர்கள்.

உப்பு விஷயத்துக்கு வருவோம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மெக்னீசியமும் கலந்திருப்பதால் அதற்கு முன்பே கசியும். அளத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. காற்றுத் துளை வழியே சர்க்யூட் பலகையில் படியும் தூசு ராத்திரியில் நனைந்தால், அது மின்சாரம் கடத்தும் ஒரு மெல்லிய நீர்ப்படலம். சிப்பின் இரண்டு கால்களுக்கு நடுவே கசிவு, இரைச்சல், கடைசியில் பச்சைப் பூப்பு.

வாங்கும்போது மூடியைத் திறக்க விடுவார்களா என்பது சந்தேகம். பின்பக்கத் திருகுகளைப் பாருங்கள்; ஜாக் துளைக்குள் டார்ச் அடியுங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் உள்ளேயும் பூத்திருக்கும். வால்யூம் குமிழைத் திருப்பினால் கரகரக்கிறதா, எண் மாற்றும் சக்கரம் ஒன்றைத் தாண்டி மூன்றுக்குக் குதிக்கிறதா என்று பாருங்கள். அரை மணி நேரம் சூடேறவிட்டு மறுபடி வாசியுங்கள். உள்ளிருக்கும் நாணய பேட்டரி தீர்ந்தால் நீங்கள் சேமித்த ஒலிகள் அழிந்துபோகும். மாற்றிய தேதியைக் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின் பிளாஸ்டிக் உறையால் மூட வேண்டாம், ஈரம் உள்ளேயே தங்கும். பருத்தித் துணி போதும். சிலிக்கா ஜெல் வையுங்கள், வாசிக்காத நாளிலும் சற்று நேரம் ஓடவிடுங்கள். எர்த் கம்பியை ஆண்டுக்கொரு முறை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். இந்த மண்ணில் அதுவும் அரிக்கும்.

கடையில் வாங்கினால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணைக்கு வரும். ரசீது தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் எழுதாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. 'தொழிலுக்கு வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே அல்ல' என்று கடைக்காரர் மிரட்டலாம். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்காக மட்டும் வாங்கியவரை அந்தச் சட்டமே நுகர்வோர் என்று ஏற்கிறது. பலரும் கவனிக்காத சட்ட வாசகம் இதுதான். ஆள் வைத்துப் பெரிய அளவில் நடத்தினால் கதை வேறு.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை மும்பையில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். இணையச் சந்தை என்றால் அதன் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பார்சலைப் பிரிக்கும்போதே சீரியல் எண் தெரியும்படி வீடியோ எடுத்து வையுங்கள். பின்னால் 'உங்கள் ஊர்க் காற்றில் அரித்தது' என்று சொல்ல வாய்ப்பு அதிகம்; அரிப்பை வாரண்டியில் விலக்குவது வழக்கம்.

தன் பழைய மாட்யூலை ஒரு தடவை விற்கும் தனிமனிதரிடம் வாங்கினால் நிலைமை தலைகீழ். அவர் வியாபாரி அல்ல, நுகர்வோர் ஆணையம் உதவாது. சரக்கு விற்பனைச் சட்டமும் பார்த்து வாங்குவது உன் பொறுப்பு என்ற பக்கமே சாயும். சொன்ன விவரத்துக்குப் பொருள் மாறியிருந்தால் மட்டும் சிவில் நீதிமன்றத்தில் பிடி உண்டு. எனவே 'நான்கு பலகையும் உள்ளது, எல்லா அவுட்புட்டும் வேலை செய்கிறது' என்று வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு ஆள் மறைந்தால் அது ஏமாற்று வழக்கு. நேரம் கடத்தாமல் 1930 எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க முடிவது அந்த முதல் சில மணி நேரத்தில்தான். அந்த விற்பனைச் சட்டம் வந்த ஆண்டும் 1930 என்பதால் நினைவில் வைப்பது சுலபம்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது இந்தக் கரை முழுதும் வெள்ளம் பார்த்தது. வீட்டுக் காப்பீடு உள்ளவர்கள், அறையில் காசுக்குப் பதிவு நடக்கிறது என்பதை நிறுவனத்திடம் முன்பே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், வீட்டுச் சாமான் கணக்கில் தொழில் கருவி சேராது என்று இழப்பீட்டு நேரத்தில் கை விரிக்கலாம். புயல் எச்சரிக்கை வந்தால் முதலில் சேமித்த ஒலிகளை மிடி வழியே கணினிக்கு இறக்குங்கள். பிறகு மின் பிளக்கோடு ஆடியோ, மிடி கேபிள்களையும் கழற்றுங்கள். இடி கேபிள் வழியாகவும் வரும். ரேக்கைத் தரையிலிருந்து பரணுக்கு ஏற்றிவிட்டு, மழை விட்டதும் உடனே ஸ்விட்ச் போடாதீர்கள். உள்ளே ஈரம் பட்டிருந்தால் டெக்னீஷியன் திறந்து பார்த்த பிறகுதான் கரண்ட்.