பாஸ்வேர்டு சரி... பின் கேட்கவில்லையே! இ-டெண்டர் லாகினில் சிக்கல் எங்கே?

வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துகள் இணையவழியில் விடும் டெண்டரில் பங்கேற்க, ஒப்பந்ததாரர் புதுச்சேரி அரசின் இ-டெண்டர் தளத்தில் நுழைய வேண்டும். கடைசி நாளன்று லாகின் ஆகாவிட்டால் அந்தப் பணி கைவிட்டுப் போகும். ‘பாஸ்வேர்டு சரியாத்தான் போட்டேன், சர்வர் டவுன் போல’ என்பார்கள். ஆனால், பல நேரங்களில் கோளாறு நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும்.

பாஸ்வேர்டு மட்டும் போதாதா?

போதாது. தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய இந்த மென்பொருள், அடுத்து டிஜிட்டல் கையொப்பம் கேட்கும். அதற்கான ரகசியச் சாவி, பென் டிரைவ் போன்ற யூஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கிறது, வெளியே வராது. கம்ப்யூட்டரில் ஓடும் ஜாவா நிரல்தான் டோக்கனிடம் கையொப்பம் வாங்கி சர்வருக்கு அனுப்புகிறது. பிரவுசர், ஜாவா, டோக்கன் டிரைவர், சான்றிதழ் என்ற இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் லாகின் நின்றுவிடும்.

எங்கே நிற்கிறது?

*ஜாவா திரையே வரவில்லை:* பிரவுசருக்குள் ஜாவா ஓடிய காலம் முடிந்துவிட்டது. குரோம் 2015-லும், ஃபயர்பாக்ஸ் 2017-லும் அந்த வசதியை நிறுத்தின. தனியாக ஓடும் ஜாவா வெப் ஸ்டார்ட்டும் 2018-ல் வந்த ஜாவா 11-ல் நீக்கப்பட்டது. ‘புதுசு போட்டா சரியாகிடும்’ என்று நினைப்பது இங்கே எடுபடாது. தளம் எந்தப் பதிப்பைக் கேட்கிறதோ, அதைத்தான் நிறுவ வேண்டும்.

*திரை வருகிறது, சான்றிதழ் தெரியவில்லை:* டோக்கனின் டிரைவரைப் பாருங்கள். ஜாவா 32 பிட், டிரைவர் 64 பிட் என்று இருந்தாலும் ஒன்றையொன்று அறியாது.

*சான்றிதழ் தெரிகிறது, தளம் ஏற்கவில்லை:* காலாவதி தேதியையும், கம்ப்யூட்டரின் தேதி, நேரத்தையும் சரிபாருங்கள். சான்றிதழ் புதியதா? அதைத் தளத்தில் உங்கள் கணக்கில் மறுபடி பதிவு செய்ய வேண்டும்.

*பின் எண் தவறு:* திரும்பத் திரும்பத் தவறாகப் போட்டால் டோக்கன் பூட்டிக்கொள்ளும். ‘ஃபார்மேட் பண்ணித் தரேன்’ என்று யாராவது சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள். அதோடு சாவியும் அழிந்துவிடும்; புதுச் சான்றிதழ்தான் வாங்க வேண்டும்.

எப்போது சோதிப்பது?

டெண்டர் முடியும் நேரத்தைச் சர்வர் கடிகாரமே தீர்மானிக்கிறது. நம் கைக்கடிகாரம் அல்ல. எனவே இரண்டு, மூன்று நாள் முன்பே ஒருமுறை லாகின் செய்து பாருங்கள். உதவி கேட்கும்போது, திரையில் வந்த பிழைச் செய்தியைப் படம் எடுத்துக் காட்டுங்கள். அவசரத்தில் டோக்கனையும் பின் எண்ணையும் பிரவுசிங் சென்டரில் விட்டுவிட்டு வராதீர்கள். அந்தக் கையொப்பம் சட்டப்படி உங்களுடையது.