கவனக்குறைவு மிகையியக்கக் குழந்தைகளின் வரிசைக் கற்றலும் தன்கண்காணிப்பும்: தமிழகத் தொடக்கநிலை வகுப்பறையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு (ஏ.டி.எச்.டி.) உடைய குழந்தைகள் செயல்வரிசைகளை எவ்வாறு கற்கின்றனர், தம் பிழைகளை எவ்வாறு உணர்கின்றனர் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழகத்தின் செயல்வழிக் கற்றல் முறை இக்குழந்தைகளுக்கு எவ்வகையில் பொருந்தியது, எவ்வகையில் பொருந்தவில்லை என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வரிசைக் கற்றல், தன்கண்காணிப்பு, பின்னூட்டம், கற்றல் ஏணி, செயல்வழிக் கற்றல்

முன்னுரை

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட கழிமுகத்தில் ஏறத்தாழ 1,100 எக்டேர் பரப்பில் அமைந்தது பிச்சாவரம் அலையாத்திக் காடு. அதன் கால்வாய்களில் துடுப்புப் போடப் பழகும் ஒரு சிறுவனை எண்ணிப் பார்க்கலாம். துடுப்பை நீரில் இறக்குதல், இழுத்தல், தூக்குதல், முன்கொணர்தல் என்னும் வரிசை, விதியாகச் சொல்லித் தரப்படாமலே அவன் கையில் படிகிறது. ஓர் இழுப்புப் பிழைத்தால் அக்கணமே படகு திரும்பி வேர்களில் முட்டும். அதே சிறுவன் வகுப்பறையில் 52இலிருந்து 27ஐக் கடன் வாங்கிக் கழிக்கிறான். 12இலிருந்து 7 போக 5 எனச் சரியாகவே எழுதுகிறான். ஆனால் கடன் கொடுத்த 5ஐ 4 ஆக்க மறந்து 35 என விடை காண்கிறான். பிழையை அவனுக்கு உணர்த்துவது திருத்தப்பட்டு மறுநாள் திரும்பும் குறிப்பேடு மட்டுமே. இவ்விரு கற்றல்களுக்கும் இடையிலான கால இடைவெளியே இக்கட்டுரையின் மையப் பொருள்.

வரிசை கையில் படிதல்

வரிசைக் கற்றலை அளக்கப் பெரிதும் பயன்படும் சோதனையை நிசனும் புல்மெரும் 1987இல் அறிமுகப்படுத்தினர். திரையில் நான்கு இடங்களுள் ஒன்றில் குறி தோன்றும். அதற்குரிய பொத்தானை அழுத்த வேண்டும். பத்து இடங்கள் கொண்ட ஒரு வரிசை திரும்பத் திரும்ப வருவதைச் சொல்லாமலே சோதனை தொடரும். பங்கேற்பவரின் வேகம் படிப்படியாகக் கூடும். தாம் ஒரு வரிசையைக் கற்றதை நினைவுகூர இயலாத மறதி நோயாளரிடமும் இவ்வேகம் கூடியது. அறியாமலே கற்பது சாத்தியம் என்பதற்கு இது சான்றாயிற்று.

கவனக்குறைவுடைய குழந்தைகளிடம் நடத்தப்பட்ட இவ்வகைச் சோதனைகள் ஒரே முடிவைத் தரவில்லை. சில ஆய்வுகள் இக்கற்றல் பழுதின்றி இருப்பதாகவும், சில மாறுபட்டிருப்பதாகவும் கூறுகின்றன. எனவே 'இக்குழந்தைகளால் வரிசையைக் கற்க இயலாது' எனப் பொதுவாகக் கூறுவது பொருந்தாது. இடர்ப்பாடு தெளிவாகத் தென்படுவது வேறிடத்தில்: படிகளை மனத்தில் ஏந்திக்கொண்டே செயல்படுவதில். 'நோட்டை எடு, தேதி போடு, பதினான்காம் பக்கத்தைத் திற, மூன்றாம் கணக்கைச் செய்' என ஒரே மூச்சில் வரும் கட்டளையில் இரண்டாம் படியிலேயே குழந்தை நின்றுவிடுவதுண்டு. ஆசிரியர் அதைக் கீழ்ப்படியாமையாகக் கொள்வது எளிது.

பிழை உணரப்படுதல்

பிழை செய்தபின் அடுத்த முயற்சியில் மனிதர் இயல்பாகவே வேகத்தைக் குறைக்கின்றனர் என்பதை ராபிட் 1966இல் காட்டினார். 1990களின் தொடக்கத்தில் ஃபால்கென்ஸ்டைன், கேரிங் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே மூளை மின்னலைப் பதிவில் இதன் சுவட்டைக் கண்டன. பிழைக்குப்பின் 100 மில்லி வினாடிக்குள் ஓர் எதிர் அலை தோன்றுகிறது. சிறிது நேரம் கழித்து ஒரு நேர் அலை எழுகிறது. பின்னது பிழையை உணர்ந்து மதிப்பிடுவதோடு தொடர்புடையதாகக் கருதப்படுகிறது. வீர்செமாவும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கவனக்குறைவுடைய குழந்தைகளிடம் முதல் அலை இயல்பாக இருந்தது. பிந்திய நேர் அலை குறைந்திருந்தது. பிழைக்குப்பின் வேகத்தைத் திருத்திக்கொள்வதும் குறைவாக இருந்தது.

இது வகுப்பறைக்கு முக்கியமான செய்தி. மூளை பிழையைப் பதிவு செய்கிறது. அப்பதிவு அடுத்த செயலை மாற்றும் அளவுக்கு வலுப்பெறவில்லை. 'சரிபார்த்தாயா?' என்ற கேள்விக்கு 'பார்த்தேன்' எனக் குழந்தை சொல்வது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. பின்னூட்டத்தின் காலத்தாழ்வைப் பற்றிச் சாக்வோல்டனின் கோட்பாடு (2005) கூறுவதும் இங்குக் கருதத்தக்கது: செயலுக்கும் விளைவுக்கும் இடைவெளி கூடுந்தோறும் இக்குழந்தைகளிடம் விளைவின் ஆற்றல் பிறரைக் காட்டிலும் விரைந்து தேய்கிறது.

கற்றல் ஏணி

ரிஷிவேலியின் பட்டறிவிலிருந்து உருவான செயல்வழிக் கற்றல், 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவியது. அதில் பாட வரிசை சுவரில் ஏணியாகத் தொங்கியது. குழந்தை தன் படியைத் தானே கண்டு, அதற்குரிய அட்டையை எடுத்து, செயலை முடித்து, மதிப்பீட்டு அட்டையின்பின் தன் முன்னேற்றத்தைக் குறித்தது. வரிசையை நினைவில் ஏந்தும் சுமையைச் சுவர் ஏற்றது. பின்னூட்டமும் செயலுக்கு அருகே வந்தது. கவனக்குறைவை மனத்திற்கொண்டு வகுக்கப்படாத ஒரு முறை, அக்குறைபாட்டின் இரு இடர்ப்பாடுகளையும் தொட்டது வியப்புக்குரியது.

ஆயினும் அட்டைக்காக அலமாரிக்கு நடப்பதும், குழு மாறுவதும், பல செயல்கள் ஒருங்கே நிகழும் அறையின் ஓசையும் இக்குழந்தைகளின் கவனத்தைச் சிதறடிக்கக் கூடியவை. ஏணி வரிசையைத் தாங்கியது. அட்டையைக் கையில் எடுத்துவிட்டு இருக்கைக்குத் திரும்பும் வழியை அது தாங்கவில்லை. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளும் குழந்தையின் அடைவுநிலையைக் காட்டுகின்றன. ஒரு கணக்கின் உள்ளே எந்தப் படி தவறியது என்பதைக் காட்டுவதில்லை.

பரவலும் சட்டமும்

கோயம்புத்தூர் மாவட்டத்தில் நான்கு பள்ளிகளின் 770 குழந்தைகளை ஆராய்ந்த 2013ஆம் ஆண்டின் கட்டுரை 11.32 விழுக்காட்டினரிடம் இக்குறைபாட்டைக் கண்டது. நான்கு பள்ளிகளின் அளவை மாநிலத்துக்கு விரிப்பது முறையன்று. எனினும் இது ஆசிரியர் அரிதாகவே சந்திக்கும் நிலையன்று என்பது தெளிவு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளுள் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உண்டு. கவனக்குறைவு மிகையியக்கம் தனி வகையாக இல்லை. ஆகவே இக்குழந்தைகளுக்கு வகுப்பறைக்குள் செய்யப்படும் சிறு மாற்றங்களே பெரிதும் துணையாகின்றன.

ரீட் உள்ளிட்டோர் 2005இல் தொகுத்தாய்ந்த தன்னொழுங்கு முறைகளுள் பல, தன் வேலையைத் தானே குறித்துக்கொள்ளும் எளிய தாள்களைக் கொண்டவை. கழித்தல் கணக்குக்கு அத்தகைய தாளை மேசையிலேயே ஒட்டலாம்: கடன் வாங்கினேன், அடித்து எழுதினேன், கழித்தேன், கூட்டிப் பார்த்தேன் என நான்கு கட்டங்கள். நான்காம் கட்டத்தில் 35உடன் 27ஐக் கூட்டும் குழந்தைக்கு 62 கிடைக்கிறது. மேலே எழுதியிருப்பது 52. ஆசிரியரின் சிவப்பு மைக்குக் காத்திராமல், பென்சில் கையில் இருக்கும்போதே குழந்தை இரண்டாம் கட்டத்துக்குத் திரும்புகிறது.