ஏரிக்கரையில் கோடைப் படிப்பு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மிச்சிகன் சர்வகலாசாலையார் 1909-ம் வருஷம் முதல் டக்ளஸ் ஏரிக்கரையில் ஒரு ஜீவ சாஸ்திர நிலையம் நடத்தி வருகின்றனர். மரம் வெட்டுவோர் காட்டை அழித்துச் சென்றபின் தீயும் பாழாக்கிய பூமி அது. கோடையில் மாணாக்கர் அங்கே குடில்களில் தங்கி, காட்டிலும் ஏரியிலுமே பாடம் கற்கின்றனர்.

அப்பாடங்களுள் விவசாயிகள் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. 1936-ம் வருஷம் முதல், பல ஆண்டுகள் இடைவிட்டு, வெவ்வேறு துண்டு நிலங்களில் வேண்டுமென்றே தீயிடப்பட்டது. தீக்குப்பின் முதலில் தலையெடுப்பது ஆஸ்பென் மரமே. தண்டு கருகினும் அதன் வேர் மண்ணுள் பிழைத்திருந்து துளிர்க்கும். பைனும் மேப்பிளும் மேலோங்குவது பின்னரே. ஒரு மனிதன் ஆயுளில் முற்றும் காணவியலாத இம்மாறுதலை, வயது வேறான துண்டுகளை அடுத்தடுத்துப் பார்வையிட்டு மாணாக்கர் அறிகின்றனர். தீயிட்ட வருஷம், கிராம அடங்கலில் பயிர் ஏறுவதுபோல், துண்டுதோறும் பதிவாகியிருப்பதனாலேயே இவ்வொப்பீடு கூடுகிறது.