இரண்டு அட்டை, ஒரே வாக்கியம்: டாரட்டில் ஜோடியைப் படிப்பது எப்படி?

‘மரணம்’ என்ற அட்டை மேசையில் விழுந்ததும் என் தோழிக்குக் கை சில்லிட்டுவிட்டது. வேலை மாற்றலாகி பெர்த் நகருக்குப் போகலாமா என்று கேட்கத்தான் அவர் டாரட் பார்க்கப் போயிருந்தார். ஆனால், அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அட்டை பார்த்தவர் இரண்டாவது அட்டையைத் திருப்பிக் காட்டியதோடு சரி. முதல் அட்டையையே சுற்றிச் சுற்றிப் பேசிவிட்டு, பாதுகாப்புக்குக் கல் பதித்த கைச்சங்கிலி ஒன்றைப் பரிந்துரைத்தார். விலை 180 வெள்ளி. தோழியும் வாங்கிவிட்டார்.

அன்றிரவு அவர் எனக்கு அனுப்பிய படத்தில் இரண்டு அட்டைகளும் இருந்தன. மரணம், அதன் பக்கத்தில் வாள் ஆறு. டாரட் எதிர்காலத்தைச் சொல்லும் என்று நம்புகிறவள் அல்ல நான். ஆனால், அதற்கென்று ஒரு வாசிப்பு முறை உண்டு. அந்த முறைப்படி பார்த்தாலே தோழிக்குக் கிடைத்தது பாதி வாசிப்புதான்.

டாரட் 15ஆம் நூற்றாண்டில் வடஇத்தாலியில் சீட்டு விளையாட்டாகத் தொடங்கியது. குறி சொல்லும் பழக்கம் பரவியது 18ஆம் நூற்றாண்டில். இன்று அதிகம் புழங்கும் படங்கள் 1909இல் லண்டனில் வெளியானவை. திட்டம் ஆர்தர் எட்வர்ட் வெய்ட்டுடையது, ஓவியங்கள் பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்தவை. மொத்தம் 78 அட்டைகள். மரணம், சூரியன், கோபுரம் போன்ற 22 பெரிய அட்டைகளும், கோல், கிண்ணம், வாள், காசு என நான்கு வகைகளில் 56 சிறிய அட்டைகளும் அதில் அடங்கும்.

இவற்றிலிருந்து வரிசை மாறாமல் இரண்டை எடுத்தால் 6,006 ஜோடிகள் வரும். தலைகீழாக விழும் அட்டைகளையும் கணக்கில் சேர்த்தால் அதைப்போல் நான்கு மடங்கு. இத்தனைக்கும் பொருளை மனப்பாடம் செய்ய எவராலும் முடியாது. அதனால் ஜோடியைப் படிக்கத் தெரிந்தவர்கள் அகராதியை விட்டுவிட்டு இலக்கணத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இது தொகைச்சொல் போலத் தோன்றுகிறது. தைப்பூசத்தன்று நாம் சுமப்பது பால்குடம். சொற்களை இடம் மாற்றினால் குடப்பால். சொற்கள் அவைதான், ஆனால் முன்னதில் பேச்சு குடத்தைப் பற்றியது, பின்னதில் பாலைப் பற்றியது. அட்டைகளும் அப்படித்தான். கோபுரம் என்ற அட்டையில் மின்னல் தாக்கி இருவர் தலைகீழாக விழுகிறார்கள். நட்சத்திரம் என்ற அட்டையில் ஒரு பெண் மண்டியிட்டு இரு குடங்களிலிருந்து நீர் ஊற்றுகிறாள். கோபுரம் முதலில் வந்தால், இடிந்த பிறகு வரும் ஆறுதல். நட்சத்திரம் முதலில் வந்தால், பலவீனமான கட்டடத்தின் மேல் வைத்த நம்பிக்கை.

சிலர் முதல் அட்டையை நிலைமையாகவும் இரண்டாவதை அறிவுரையாகவும் வைப்பார்கள். வேறு சிலருக்கு முதலாவது விருப்பம், இரண்டாவது தடை. எதையும் வைத்துக்கொள்ளலாம். ஆனால், அட்டையை எடுக்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். படம் தெரிந்த பிறகு விதியை வகுத்தால் எந்த ஜோடியையும் எந்தப் பதிலுக்கும் வளைத்துவிட முடியும். பெரிய அட்டைக்குக் கனம் அதிகம், சிறியது அதன் விவரம் என்பது இன்னொரு வழக்கம். கோல் நெருப்பு, கிண்ணம் நீர், வாள் காற்று, காசு நிலம் என்று பூதங்களையும் பார்ப்பார்கள். நெருப்பும் நீரும், காற்றும் நிலமும் ஒன்றையொன்று பலவீனப்படுத்தும் என்பது கணக்கு.

இனி தோழியின் ஜோடி. மரண அட்டையில் கருங்கவசம் அணிந்த எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகிறது. அரசன் கீழே விழுந்து கிடக்கிறான். பெரும்பாலான கையேடுகள் இதை உடலின் மரணமாகப் படிப்பதில்லை, ஒரு கட்டத்தின் முடிவாகவே படிக்கின்றன. படத்தின் பின்னணியில் ஓர் ஆறும் அதில் சின்னப் படகும் உண்டு. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. வாள் ஆறில் அந்தப் படகு முன்னால் வந்துவிட்டதுபோல் இருக்கும். துணி போர்த்தித் தலைகுனிந்த ஓர் உருவம், பக்கத்தில் ஒரு பிள்ளை, பின்னால் நின்று கோல் ஊன்றும் படகோட்டி. ஆறு வாள்கள் படகிலேயே குத்தி நிற்கின்றன. கவலையை இறக்கி வைக்காமல் அதையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போகிறார்கள்.

சேர்த்துப் படித்தால், ஒரு கட்டம் முடிகிறது, அதன் சுமையோடு வேறு கரைக்குப் பயணம். மரண அட்டைக்கு மரபில் நீர், வாளுக்குக் காற்று, இரண்டுக்கும் பகை இல்லை. வரிசை மாறியிருந்தால் அந்தப் பயணமே எதையோ முடித்துவைக்கும் என்றாகி, எதை இழப்போம் என்ற கேள்வி முன்னால் வந்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் இது பெர்த் பற்றிய வாக்கியம். அப்பாவின் இதயத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பயத்தைத் தோழி வீட்டிலிருந்தே கொண்டுபோயிருந்தார், அதற்கு விலை போட்டவர் எதிரில் இருந்தார்.

சிராங்கூன் சாலையில் கிளி ஜோசியம் பார்த்த ‘மணி’யை நினைவிருக்கிறதா? 2010 உலகக் கிண்ணக் காற்பந்தில் இறுதியாட்டத்தை நெதர்லாந்து வெல்லும் என்று அந்தக் கிளி எடுத்துக் கொடுத்தது. வென்றது ஸ்பெயின். ஆனாலும் மணி சொன்னதைச் சரிபார்க்க முடிந்தது. அட்டை ஜோடியின் வாக்கியத்தை அப்படிச் சரிபார்க்க வழியில்லை. 1948இல் உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் தம் மாணவர்கள் 39 பேருக்கும் ஒரே குணவிவரத்தைக் கொடுத்து, அது தனித்தனியே அவரவருக்கென்று எழுதப்பட்டது என்று நம்பவைத்தார். எந்த அளவு பொருந்துகிறது என்று கேட்டதற்கு அவர்கள் தந்த சராசரி மதிப்பெண் 5க்கு 4.26. பொதுவான வாக்கியத்துக்குள் நம் கதையை நாமே நிரப்பிக்கொள்கிறோம். இரண்டு அட்டைகள் என்றால் நிரப்ப இடமும் கூடுதல்.

இதையெல்லாம் சொன்னபோது தோழி கைப்பேசியில் படகுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஓரத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளைதான் முதலில் அவர் கண்ணில் பட்டது. “துணைக்கு ஆள் உண்டு போல” என்றார். அப்பாவையும் உடன் அழைத்துப் போக முடியுமா என்று அலுவலகத்தில் அவர் இதுவரை கேட்கவே இல்லையாம். அப்பாவுக்கு வியாழக்கிழமை மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஐந்து மணி நேர விமானப் பயணத்தை அவர் எப்போது தாங்குவார் என்று அங்கே கேட்கப் போகிறார்.