எதிர்காற்றில் ஒரு நீர்ப்படலம்

1961-ஆம் ஆண்டின் கிறித்துமசு விடுமுறையில், பிராகு நகரில் தம் வீட்டுச் சமையலறை மேசைமேல் ஓட்டோ விக்தெர்லே என்னும் வேதியியல் அறிஞர் ஒரு சிறு பொறியை அமைத்தார். சிறுவர்கள் பூட்டி விளையாடும் மெர்க்குர் என்ற உலோகத் துண்டுகளே அதன் உடல். அதைச் சுழற்றியது மிதிவண்டி விளக்கின் டைனமோ. சக்கரம் சுழற்றினால் மின்சாரம் தரவேண்டிய அக்கருவியை, அழைப்புமணிக்குரிய மின்மாற்றியோடு இணைத்து, மின்சாரத்தால் சுழலும் இயக்கியாக அவர் மாற்றிக்கொண்டார். சுழலும் கிண்ணத்தில் வார்த்த நீர்மம் மையவிலக்கு விசையாலும் பரப்பு இழுவிசையாலும் குழிந்து, அக்குழிவோடே இறுகியது. நீரை ஏற்று மென்மையாகும் தொடுவில்லையை இவ்வாறு வார்த்தெடுக்கும் வழி பிறந்தது. அவருடைய நிறுவனத்தில் இவ்வாய்வுக்கு ஆதரவு நின்றுபோன பிறகே அது சமையலறைக்கு வந்தது. கடையில் காண்டாக்ட் லென்சு என்று நாம் கேட்டு வாங்கும் அம்மெல்லிய வில்லைக்கு மிதிவண்டி இப்படிக் கடன் கொடுத்திருக்கிறது. ஆயினும் மிதிவண்டியின் மேலேறி எதிர்காற்றில் அவ்வில்லையை அணிந்து செல்வது கண்ணுக்கு எளிய வேலையன்று.

மூக்குக்கண்ணாடியை விட்டுப் பலர் தொடுவில்லையை நாடுவதற்கு வியர்வையும் மழைத்துளியும் மட்டும் காரணமல்ல. வளைந்த கைப்பிடியின் தாழ்ந்த பகுதியைப் பற்றி ஓட்டுபவரின் முதுகு கிடையாகச் சாய்கிறது, தலை தாழ்கிறது, விழியை உயர்த்தியே அவர் சாலையைக் காண்கிறார். அப்பொழுது பார்வை கண்ணாடியின் நடுவே செல்வதில்லை. மேல்விளிம்பை ஒட்டிச் செல்கிறது. சில வேளை சட்டகத்தையும் தாண்டிவிடுகிறது. 6 டையாப்டர் கிட்டப்பார்வை உடைய ஒருவர் வில்லையின் மையத்துக்கு 15 மில்லிமீட்டர் மேலே நோக்கினால், அங்கே கண்ணாடி ஒரு முப்பட்டகமாகவே செயற்பட்டு, ஒரு மீட்டர் தொலைவிலுள்ள பொருளை 9 சென்டிமீட்டர் இடம்பெயர்த்துக் காட்டும். இரு கண்ணுக்கும் இடப்பெயர்ச்சி ஒன்றாயின் மூளை ஈடுசெய்துகொள்ளும். இரு கண்ணின் பவரும் வெவ்வேறாயின் அந்த ஈடுசெய்தல் கடினம். தொடுவில்லையோ விழியோடு சேர்ந்தே திரும்புகிறது. எத்திசையில் நோக்கினும் பார்வை அதன் மையத்தை விட்டுப் பெரிதும் விலகுவதில்லை.

இந்நன்மைக்கு முதல் சில நாள்களில் ஒரு விலை உண்டு. மூக்குக்கண்ணாடி விழிக்கு ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் முன்னே நிற்கிறது. அவ்விடைவெளியால் 6 டையாப்டர் குழிவில்லை உலகத்தை ஏறத்தாழ 7 விழுக்காடு சிறிதாக்கிக் காட்டும். தொடுவில்லையில் இச்சுருக்கம் ஏறக்குறைய மறைந்துவிடும். முன்னே செல்லும் வண்டி பெரிதாகவும், அதனால் அண்மையில் இருப்பதாகவும் தோன்றும். தலையைத் திருப்பும்போது எழும் மயக்கம் இதனினும் நுட்பமானது. தலை ஒருபுறம் திரும்ப, விழி அதே விரைவில் எதிர்ப்புறம் திரும்பிக் காட்சியை நிலைநிறுத்துகிறது. உட்செவியின் சமநிலை உறுப்பு இதை ஆள்கிறது. சுருங்கிய காட்சியையே ஆண்டுக்கணக்கில் கண்டுவந்த மூளை, இவ்வெதிர்த்திருப்பத்தின் அளவையும் சற்றுக் குறைத்தே வைத்திருக்கும். வில்லை மாறிய அன்று அந்தப் பழைய அளவு பொருந்தாது. பின்னால் வரும் லாரியைத் தோள்மேல் திரும்பிப் பார்க்கையில் சாலை நழுவுவதாகத் தோன்றும். மூளை புதிய அளவை விரைவில் கற்றுக்கொள்ளும். கற்கும் வரை நெரிசலான சாலையில் இறங்காதிருப்பதே அறிவுடைமை. பவர் மிகுந்தவர்கள் இதைப் பொருட்படுத்தாது முதல் நாளே நெடுஞ்சாலைக்குப் போவதை நான் துணிச்சல் என்று சொல்லமாட்டேன்.

இனிக் கண்ணீருக்கு வருவோம். உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கருவிழிப்படலம் நடுவில் அரை மில்லிமீட்டர் தடிப்புடையது. ஒளி தடையின்றிப் புகவேண்டிய இடமாதலால் அதில் குருதிக்குழாய் இல்லை. விழித்திருக்கும்போது தனக்கு வேண்டிய உயிர்வளியின் பெரும்பகுதியைக் காற்றிலிருந்தே, கண்ணீரின் வழியாக, அது பெறுகிறது. அக்கண்ணீர்ப் படலத்தின் தடிப்பு ஏறத்தாழ 3 மைக்ரோமீட்டர். தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்களவே. அடியில் சளிப்பொருள் விழியோடு பற்றிக்கொள்ள, அதன்மேல் நீர் பரவ, எல்லாவற்றுக்கும் மேலே இமை விளிம்பின் சுரப்பிகள் கசியும் நெய்ப்பொருள் ஒரு மெல்லிய போர்வையாகிறது. ஊறுகாய்ச் சாடியில் மேலே நிற்கும் நல்லெண்ணெய் அடியிலிருப்பதைக் காப்பதுபோல, இந்நெய்ப் போர்வை நீர் ஆவியாகாமல் காக்கிறது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் மூன்றும் புதிதாகப் பூசப்படுகின்றன.

தொடுவில்லை இப்படலத்தை இரண்டாகப் பிளக்கிறது. பின்னே ஒரு படலம், முன்னே ஒரு படலம். முன்படலம் மெலிந்தது, அதன் நெய்ப் போர்வையும் குறைபாடுடையது, ஆகவே இயல்பான கண்ணீரைவிட விரைவில் கிழிந்து உலர்கிறது. இந்நிலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் விரைவில் செல்பவரை எண்ணிப் பாருங்கள். காற்றே வீசாத நாளிலும் அவர் முகத்தில் அவ்விரைவுடைய காற்று மோதுகிறது. மலைச்சாலையின் இறக்கத்தில் அது 50-ஐத் தாண்டும். ஓய்வில் நிமிடத்துக்குப் பதினைந்து முறையளவில் இமைக்கும் கண், குழியையும் கல்லையும் கூர்ந்து நோக்கும்போது அதில் பாதிகூட இமைப்பதில்லை. இதற்கு மேல் குனிந்த தலையிலிருந்து விழியை உயர்த்திப் பார்ப்பதால் மேலிமை விரியத் திறந்து, காற்றுக்குக் காட்டும் விழிப்பரப்பு மிகுகிறது. நூல் படிப்பவர் கீழ்நோக்குவதால் அவர் இமை பாதி மூடியிருக்கும். ஓட்டியின் கண்ணுக்கு அந்த நிழல்கூட இல்லை. ஈரம் இழந்த மென்வில்லை விழியை இறுக்கிப் பிடிக்கிறது, பார்வை மங்குகிறது. முழுமையாக நாலைந்து முறை இமைத்தால் மங்கல் பெரும்பாலும் தெளியும். மேலிமை கீழிமையைத் தொடும் வரை மூடுவதே முழு இமைப்பு. பாதி மூடித் திறந்தால் வில்லையின் கீழ்ப்பகுதி உலர்ந்தபடியே இருக்கும்.

ஆகவே தொடுவில்லையோடு ஓட்டுபவர் கண்ணைச் சுற்றி வளைந்து பொருந்தும் காப்புக் கண்ணாடியையும் அணியவேண்டும். மூக்குக்கண்ணாடியிலிருந்து விடுதலை பெற்றவர் மீண்டும் ஒரு கண்ணாடியை மாட்டுவதா என்று கேட்கலாம். இதற்குப் பவர் தேவையில்லை, எளிதில் வாங்கலாம், உடைந்தால் மாற்றலாம், மாலையில் நிறமற்றதையும் நண்பகலில் கருநிறத்தையும் மாட்டலாம். காற்றைத் திருப்பிவிடுவதும் பூச்சியைத் தடுப்பதும் அதன் வேலை. புறவூதாக் கதிரைத் தடுக்கும் தொடுவில்லைகள் உண்டு. அவை தாம் மூடிய பகுதியை மட்டுமே காக்கும். விழியின் வெண்பகுதியும் இமையும் வெயிலிலேயே நிற்கும்.

பழக்கம் என்று நாம் சொல்வது பெரிதும் இமையின் பழக்கமே. கருவிழிப்படலம் உடலில் நரம்பு முனைகள் மிக நெருங்கிய இடங்களுள் ஒன்று. மேலிமையின் உள்விளிம்பும் அத்தகைய கூருணர்வு உடையது. இமைக்குந்தோறும் அவ்விளிம்பு வில்லையின் ஓரத்தை உரசிச் செல்லும்; நரம்பு அதை அயற்பொருள் என்று அறிவிக்கும். இடையறாது வரும் ஒரே செய்தியை நரம்பு நாளடைவில் பொருட்படுத்தாது விடுகிறது. இதற்குக் காலம் வேண்டும். முதல் நாள் நாலு மணி நேரம், பிறகு நாள்தோறும் ஓரிரு மணி கூட்டுவது என்பது வழக்கமான அறிவுரை. கண்ணைப் பார்த்த வல்லுநர் சொல்வதே இறுதி. வீட்டுக்குள் நடமாடியும், பிறகு தெருவில் நடந்தும், அதன்பின் அமைதியான சாலையில் சிறிது தொலைவு ஓட்டியும் பழகினால் இமையும் மூளையும் சேர்ந்தே தேறும். உறுத்தல் நாளுக்கு நாள் குறைவதே நல்ல அடையாளம். வலி அவ்வாறன்று. வலிக்குப் பழகக் கூடாது.

எந்த வில்லை என்பதில் பொருளின் இயல்பு முக்கியம். 1888-இல் அடோல்ஃப் ஃபிக் சூரிச்சு நகரில் விளக்கிய கண்ணாடித் தொடுவில்லைகள் விழியின் வெண்பகுதிவரை மூடின. சில மணி நேரத்துக்குமேல் எவரும் அவற்றைத் தாங்கியதில்லை. விக்தெர்லேயின் பலபடியில் ஏறத்தாழ 38 விழுக்காடு நீர். உயிர்வளி அந்நீரின் வழியே ஊடுருவியது. 1990-களின் இறுதியில் வந்த சிலிக்கோன் கலந்த வில்லைகளில் உயிர்வளி சிலிக்கோன் வழியாகவே எளிதில் செல்கிறது. ஆகவே நீரை மிகுதியாக ஏற்ற வேண்டிய தேவையில்லை. நீர் மிகுந்த வில்லையே கண்ணுக்கு ஈரமானது என்று கருதுவது இயல்பு. உலர்காற்றில் நிகழ்வதோ மாறானது: நீர் மிகுந்தது மிகுதியாக நீரை இழக்கிறது. உறுதியான சிறு வில்லைகள் கூரிய பார்வை தருவன. ஆனால் அவை கருவிழிப்படலத்தைவிடச் சிறியவை, இமைப்போடு நகர்பவை. அவற்றின் அடியில் ஒரு தூசி புகுந்தால் ஓட்டி வண்டியை நிறுத்தத்தான் வேண்டும். ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் விட்டமுள்ள மென்வில்லை கருவிழிப்படலத்தைக் கடந்து படிவதால் தூசி எளிதில் புகாது. வில்லை கண்ணுக்குப் பின்னே போய்விடும் என்னும் அச்சம் வீண். இமையின் உட்புறப் படலம் மடிந்து விழியோடு இணைவதால் பின்னே செல்ல வழியே இல்லை. மேலிமைக்குள் சுருண்டு மறையும், அவ்வளவே.

நாற்பதைக் கடந்த கிட்டப்பார்வையருக்கு ஒரு சிறு வியப்பு காத்திருக்கும். தொடுவில்லை அணிந்தால், கண்ணாடி அணிந்தபோது தேவைப்பட்டதைவிட அருகுப் பார்வைக்கு விழி கூடுதலாக உழைக்கவேண்டும். வெள்ளெழுத்து தொடங்கியவருக்குச் சாலை தெளிவாகத் தெரியும். கைப்பிடியில் பொருத்திய சிறு திரையின் எண்கள் மங்கும். ஒரு கண்ணைத் தொலைவுக்கும் மற்றதை அருகுக்கும் அமைக்கும் முறை உண்டு. அது இரு கண்ணும் சேர்ந்து தரும் ஆழ உணர்வைக் குறைப்பதால், குழி நிறைந்த சாலையில் விரைந்து ஓட்டுபவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். திரையின் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வது மலிவான தீர்வு.

தூய்மையைப் பற்றி எல்லாருக்கும் தெரிந்ததைத் திரும்பச் சொல்வதைவிட, ஓட்டிகளுக்கே உரிய இடர்களைச் சொல்லலாம். சங்கிலி கழன்றால் அதை மாட்டிய விரல் கரிய எண்ணெய்ப் பிசுக்கோடு இருக்கும். அவ்விரலால் வில்லையைத் தொடக் கூடாது; குடுவையிலிருக்கும் குடிநீரில் கையையோ வில்லையையோ கழுவித் தொடுவதும் கூடாது. குழாய்நீரிலும் ஆற்றுநீரிலும் வாழும் அக்கந்தமீபா என்னும் ஒருசெல் உயிரி வில்லையோடு ஒட்டிக் கருவிழிப்படலத்துக்குள் புகுந்தால், மருத்துவம் பல மாதம் நீளும். பார்வையே போவதும் உண்டு. மேலும் நன்னீர் பட்ட மென்வில்லை விழியோடு இறுக ஒட்டிக்கொள்ளும். தூசி விழுந்தால் இமைத்துப் பார்ப்பதும், தொடுவில்லைக்கு ஏற்ற செயற்கைக் கண்ணீரின் ஒருமுறைக் குப்பியை உடைத்துச் சொட்டுவதும் போதும். வெயில் காப்புக் களிம்பு பூசுமுன்பே வில்லையை அணிந்துவிடவேண்டும்.

நம் நாட்டுச் சாலைக்கு இன்னொரு செய்தியும் உண்டு. தென்னிந்தியாவில் கருவிழிப் புண்களில் கணிசமானவை பூசணத்தால் வருவன. பயிரின் தாளோ முள்ளோ பட்ட உழவர்களே இதில் மிகுதியாகத் துன்புறுகிறார்கள். அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையிலேயே கதிரைப் பரப்பி வண்டிகளை ஏறவிடும் ஊர்களைக் கடக்கும்போது காற்றில் பறப்பது இந்தத் தாள்தூள்தான். அங்கே காப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். செலவு தாங்கக்கூடியவர்களுக்கு ஒருநாள் அணிந்து எறியும் வில்லையே ஓட்டத்துக்கு ஏற்றது. வில்லையை இட்டுவைக்கும் சிமிழும் கரைசலும் இல்லாததால் அவற்றில் வளரும் கிருமிகளும் இல்லை. மாதக்கணக்கில் அணியும் வில்லையாயின், பழைய கரைசலோடு புதியதைக் கலக்காமல், சிமிழை மூன்று மாதத்துக்கொரு முறை மாற்றவேண்டும். நீண்ட ஓட்டம் முடித்த களைப்பில் வில்லையோடு உறங்கிவிடுவது எல்லாவற்றிலும் கொடியது. மூடிய இமைக்குள் உயிர்வளி குறைந்து, தொற்று வரும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது.

புறப்படும்போது பழைய மூக்குக்கண்ணாடியையும் ஓர் இணை புதிய வில்லையையும் பையில் வையுங்கள். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, ஒளியைக் கண்டு கூசினாலோ, இமைத்தும் மங்கல் தெளியாவிட்டாலோ, வண்டியை நிறுத்திக் கையைச் சோப்பால் கழுவி நன்கு துடைத்து வில்லையைக் கழற்றிவிடுங்கள். கழற்றிய பின்னும் வலி நீடித்தால் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். வில்லையையும் சிமிழையும் எறியாமல் உடன் கொண்டுபோங்கள். எக்கிருமி என்று கண்டறிய அவையும் உதவும்.