லவ் கேக்கின் பக்குவம்

இலங்கையில் நத்தார்ப் பண்டிகை நெருங்கிவிட்டால், பறங்கியர் இல்லங்களில் மட்டுமன்றி, சிங்களரும் தமிழருமான கிறிஸ்தவர் பலருடைய இல்லங்களிலும் ஏலக்காயும் பனிநீரும் கலந்த ஒரு சுகந்தம் எழும்; அது லவ் கேக்கின் வருகையை அறிவிப்பது. கறுவா வாணிபத்தின் பொருட்டு வந்து 1658 வரை கரையோரத்தை ஆண்ட போர்த்துக்கேயரின் வழியாக வந்ததென்று கருதப்படும் இப்பண்டம், அத்தீவின் வாசனைத் திரவியங்களையும் முந்திரியையும் தன்னுள் ஏற்றுக்கொண்டு, இன்று முற்றிலும் அந்நாட்டுக்கே உரியதாகிவிட்டது.

மேலே பொன்னிறமாக மொரமொரத்து, உள்ளே ஈரப்பதத்துடன் சற்றே மெல்லும்படி இருப்பதுதான் இதன் லட்சணம். சாதாரண கேக்கைப் போல் பஞ்சாக உப்பியிருந்தால் அது லவ் கேக் ஆகாது. இந்த வித்தியாசத்துக்கு மூலகாரணம், கோதுமை மாவுக்குப் பதிலாக ரவை சேர்ப்பதே. 250 கிராம் ரவையை லேசாக வறுத்து, சூடு ஆறுமுன் ஏறக்குறைய அதே எடை வெண்ணெயைக் கலந்து, சில மணி நேரமாவது ஊற வைக்கவேண்டும். ரவையின் ஒவ்வொரு மணியிலும் வெண்ணெய் படிந்துவிடுவதால், பிறகு முட்டையின் ஈரத்தை அது நிதானமாகவே உறிஞ்சும். வெந்த பின்னரும் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் களியாகாமல் தனித்தனியே நாவில் தட்டுப்படும். அவசரப்பட்டு இந்த ஊறலைத் தவிர்ப்பவர்களுடைய கேக்தான் மணல் போல் நறநறக்கிறது.

பத்து மஞ்சட்கருவை 500 கிராம் சீனியுடன் வெளுத்துத் தடிக்கும் வரை அடித்து, ரவையையும், பொடியாக நறுக்கிய 250 கிராம் முந்திரியையும், நீற்றுப்பூசணியில் செய்த பூசணி தோசி என்னும் இனிப்பையும், இரண்டு கரண்டித் தேனையும், ஒரு கரண்டிப் பனிநீரையும் சேர்க்கிறார்கள். முந்திரியை மாவாக அரைத்தால் எண்ணெய் கசிந்து கேக் கனத்துவிடும். சீனி அதிகமென்று பயந்து பாதியாகக் குறைப்பதும் தவறு. சீனியும் தேனுமே ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பவை. ஏலக்காய், கறுவா, சாதிக்காய் மூன்றையும் அன்றன்றே இடித்துப் போடுவது உத்தமம். கடைசியாக ஐந்து முட்டைகளின் வெள்ளைக்கருவை நுரைக்க அடித்து, நுரை அடங்காதபடி மெல்லப் புரட்டிச் சேர்த்துவிட்டால், சோடா மாவு எதற்கும் அவசியமில்லை.

இனி எல்லாம் நெருப்பின் கையில் இருக்கிறது. சீனி மிகுந்த கலவையில் முட்டை இறுகுவதற்குக் கூடுதல் சூடு வேண்டும். ஆனால் அந்தச் சூடு நடுப்பகுதியை எட்டுவதற்குள் அதே சீனி விளிம்பிலே கருகத் தொடங்கும். ஆகவேதான் அனுபவமுள்ளவர்கள் தட்டின் அடியிலும் பக்கங்களிலும் காகிதத்தைப் பல மடிப்பாகப் பரப்பி, மேல்மடிப்பில் வெண்ணெய் பூசி, 150 டிகிரி செல்சியஸ் அளவான இளஞ்சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேலாக வேகவிடுகிறார்கள். மேற்புறம் முன்னதாகச் சிவந்துவிட்டால் ஒரு காகிதத்தால் மூடிவிடுகிறார்கள்.

புதிதாகச் செய்பவர்கள் திகைப்பது இதன் பிறகுதான். மற்ற கேக்குகளில் குத்திய ஈர்க்கு சுத்தமாக வெளிவரவேண்டும் என்பது விதி. இங்கே அவ்வாறு வந்தால், ஈரம் வற்றிவிட்டது என்று அர்த்தம். மேற்பரப்பு விரலுக்கு உறுதியாகவும், ஈர்க்கில் ஈரத் துணுக்குகள் ஒட்டியும் இருக்கும் தருணத்தில் ஓவனை அணைத்து, கேக்கைத் தட்டிலேயே ஆறவிடவேண்டும். சூட்டோடு கத்தி வைத்தால் பொலபொலவென்று உதிரும். மறுநாள் சிறு சதுரங்களாக வெட்டினால் ஓரம் சிதையாது, வாசனையும் ஒன்றோடொன்று கலந்து முதிர்ந்திருக்கும்.