மரபணுவும் பரம்பரையும்: பெருங்குடற்புற்றுநோயை முன்வைத்து ஒரு விளக்கம்

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கு மரபியல் என்று பெயர். அதே சொல்லை இன்று உயிரியலின் ஒரு பிரிவுக்கும் வழங்குகிறோம். மரபியல், மரபணு ஆகியவை அறிவியல் தமிழுக்குக் கிடைத்த நல்ல ஆக்கங்கள். ஆயினும், மரபணு என்னும் சொல்லில் உள்ள ‘மரபு’ ஒரு பிழையான கருத்துக்கு இடமளிக்கிறது. மரபணுக் கோளாற்றால் தோன்றும் நோய் என்றவுடனே, அது பெற்றோரிடமிருந்து வந்த நோய் என்று பலர் பொருள்கொள்கின்றனர். இரண்டும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டை அறியாமை உயிருக்கே கேடாகலாம் என்பதற்குப் பெருங்குடற்புற்றுநோய் தக்க சான்றாகும்.

பெருங்குடலின் உட்சுவரிலுள்ள உயிரணுக்கள் சில நாள்களுக்கொருமுறை புதியனவாகின்றன. உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியுமுன் அதன் டி.என்.ஏ. முழுவதும் படியெடுக்கப்பட வேண்டும். நான்கே எழுத்துகளால் ஆன அந்த ‘நூலின்’ ஒரு தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. இத்தனை நீண்ட ஒன்றைப் படியெடுக்கையில் பிழை நேர்வது இயல்பு.

ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கியவர்கள் அறிந்த செய்தி ஒன்று இங்கு உதவும். மூல ஏட்டிலேயே பிழை இருந்தால், அதன் வழிவந்த படிகள் எல்லாவற்றிலும் அது தொடரும். இடையில் ஒருவர் செய்த பிழையோ அவருடைய படியிலும் அதைப் பார்த்து எழுதியவற்றிலும் மட்டுமே காணப்படும். உடலிலும் அப்படியே. கருவிலேயே அமைந்துவிட்ட பிழை எல்லா உயிரணுக்களிலும் இருக்கும், பிள்ளைகளுக்கும் செல்லக்கூடும். இதனைப் பிறவிப் பிறழ்வு எனலாம். ஐம்பது வயதில் குடற்சுவரின் ஓர் உயிரணுவில் நேர்ந்த பிழை, அவ்வுயிரணுவின் வழித்தோன்றல்களில் மட்டுமே இருக்கும், பிள்ளைகளுக்குச் செல்லாது. இதனை வாழ்நாள் பிறழ்வு எனலாம்.

பெருங்குடற்புற்றுநோய் ஒரே பிழையால் வருவதன்று. எரிக் ஃபியரன், பெர்ட் வோகல்ஸ்டைன் என்னும் அமெரிக்க ஆய்வாளர்கள் 1990இல் இதனைப் படிப்படியான நிகழ்வாக விளக்கினர். பெரும்பாலும் முதலில் கெடுவது ஏ.பி.சி. என்னும் மரபணு. உயிரணுவின் வளர்ச்சிக்குத் தடைபோடும் அது செயலிழந்தால் குடற்சுவரில் பாலிப் எனப்படும் சிறு மொட்டு தோன்றும். பின்னர் கே.ராஸ் மரபணுவில் பிழை நேர்ந்தால் வளர்ச்சிக்கான ஆணை ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். டி.பி.53 என்னும் காவல் மரபணுவும் கெட்டால், பழுதுற்ற உயிரணுவை நிறுத்தவோ அழிக்கவோ வழியில்லாமற்போகும். மொட்டு புற்றாக மாறப் பொதுவாகப் பத்தாண்டளவு ஆகும்.

ஆகவே, பெருங்குடற்புற்றுநோய் ஒவ்வொன்றும் மரபணுக்களில் நேர்ந்த பிழைகளின் விளைவே. ஆனால், தெளிவான பிறவிப் பிறழ்வு ஒன்று காரணமாக அமைவது நூற்றில் ஏறத்தாழ 5 முதல் 10 பேரிடம் மட்டுமே. “எங்கள் குடும்பத்தில் எவருக்கும் இந்நோய் இல்லை, எனக்கு எதற்குச் சோதனை?” என்னும் கேள்வி இதனால் பொருளற்றதாகிறது. நோயுற்றோருள் பெரும்பாலோருக்கு அது வாழ்நாள் பிறழ்வுகளால் வந்ததே. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 50 வயதானவர்கள், அறிகுறி ஏதும் இல்லையெனினும், மலத்தில் கண்ணுக்குப் புலப்படாத குருதி உள்ளதா என்று காணும் சோதனையைச் செய்துகொள்ளுமாறு அறிவுறுத்தப்படுவதன் காரணமும் இதுவே. மொட்டு நிலையிலேயே கண்டு அகற்றிவிட்டால் அது புற்றாக மாறுவதில்லை.

இனி, பரம்பரையாக வரும் வகைக்கு வருவோம். அவற்றுள் முதன்மையானது லிஞ்ச் நோய்த்தொகுதி. பெருங்குடற்புற்றுநோயாளர் நூற்றுவரில் ஏறத்தாழ மூவரிடம் இது காணப்படுகிறது. இதில் பிறவியிலேயே கெட்டிருப்பது மெய்ப்புத் திருத்துபவர். படியெடுக்கையில் நேரும் எழுத்துப்பிழைகளைக் கண்டு திருத்தும் எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 போன்ற மரபணுக்களில் ஒன்றன் ஒரு படி, தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ பழுதுற்று வந்திருக்கும். எஞ்சிய நல்ல படியும் ஏதோ ஓர் உயிரணுவில் கெட்டுவிட்டால் அங்கே திருத்துவார் இல்லை. பிழைகள் விரைந்து குவியும். இப்பழுது பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் செல்வதற்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்புண்டு. ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. குடலில் மட்டுமன்றிக் கருப்பை முதலிய பிற உறுப்புகளிலும் புற்று தோன்றலாம்.

இவ்வகை நோய் அறியப்பட்ட வரலாறு ஒரு பெண்ணின் சொல்லிலிருந்து தொடங்குகிறது. 1895இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்னும் நோயியலறிஞரிடம் அவருடைய தையற்காரப் பெண், தம் உறவினர் பலர் குடலிலும் கருப்பையிலும் புற்று வந்து இறந்ததால் தாமும் அவ்வாறே இளமையில் இறக்கக்கூடும் என்று கூறினார். பின்னர் கருப்பைப் புற்றினாலேயே இறந்தார். வார்த்தின் அக்குடும்பத்தின் வரலாற்றைத் தொகுத்து 1913இல் வெளியிட்டார். 1960களில் ஹென்றி லிஞ்ச் இத்தகைய குடும்பங்களை விரிவாக ஆராய்ந்தார். நோய்த்தொகுதிக்கு அவர் பெயரே நிலைத்தது. 2000ஆம் ஆண்டில் அத்தையற்காரப் பெண்ணின் குடும்பத்தில் எம்.எஸ்.எச்.2 மரபணுவின் பிழை உறுதிசெய்யப்பட்டது. அறிவியல் நூறாண்டு கழித்துக் கண்டதை அவர் தம் குடும்ப நினைவிலிருந்தே உணர்ந்திருந்தார்.

நம் குடும்பங்களில் அத்தகைய நினைவு இருக்கிறதா? “வயிற்றில் கட்டி”, “அந்த நோய்” என்று மழுப்பிச் சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. பிள்ளைகளின் திருமணம் தடைப்படுமோ என்னும் அச்சத்தால் அதுவும் சொல்லப்படாமற்போவதுண்டு. பாட்டிக்கு வந்தது குடற்புற்றா, கருப்பைப் புற்றா என்பது தெரியாவிடில் தொடர்பு புலப்படாது.

நம் உறவுப்பெயர்களும் இங்குக் கருதத்தக்கவை. அத்தை, சித்தி என்னும் சொற்கள் தந்தைவழியையும் தாய்வழியையும் பிரித்துக் காட்டுகின்றன. ‘ஆன்ட்டி’ என்னும் சொல் காட்டுவதில்லை. ஆனால், தாயின் உடன்பிறந்தவரும் மாமா, அத்தையின் கணவரும் மாமா. முன்னவர் குருதியுறவினர், பின்னவர் நம் மரபில் அவ்வாறு இருக்க வேண்டும் என்பதில்லை. எனவே மருத்துவரிடம் “மாமாவுக்கு வந்தது” என்பதினும் “அம்மாவின் அண்ணனுக்கு 44 வயதில் பெருங்குடலில் வந்தது” என்பதே பயன்தரும்.

எந்த உறுப்பு, எந்த வயது, எந்த வழி உறவு: இம்மூன்றையும் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவைத்தல் மாணவரும் செய்யக்கூடிய பணி. நெருங்கிய உறவினருள் பலருக்கு, அதிலும் 50 வயதுக்குமுன், இந்நோய் வந்திருந்தால் மருத்துவரிடம் மரபணு ஆலோசனை பற்றிக் கேட்டல் வேண்டும். லிஞ்ச் பிறழ்வு உடையவருக்குப் பெரும்பாலும் இருபதுகளின் நடுப்பகுதியிலேயே குடல் அகநோக்கிச் சோதனை தொடங்கி, ஓரிரு ஆண்டுகளுக்கொருமுறை தொடரும். ஐம்பது வயதுவரை காத்திருப்பது அவர்களுக்குப் பொருந்தாது. வகுப்பறையில் ‘மரபணு நோய்’, ‘பரம்பரை நோய்’ என்னும் இரண்டையும் ஒரு பொருட்சொற்களாகக் கற்பிக்காதிருத்தல் ஆசிரியர்களாகிய நம் பொறுப்பு.